காளி போட்ட மூன்று மாத்திரை

போன வாரம் புளி வாங்க ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். வாங்கினேனா? எங்கே...!

வழக்கமாகப் புளி தருபவர் காளி. மலை விவசாயி, ஓயாமல் பேசுகிறவர். அன்று வீட்டுக்குள்ளிருந்து குறட்டை மட்டும்தான் வந்தது.

"மூட்டை தூக்கி முதுகு புடிச்சிக்கிச்சுங்க. மாத்திரை போட்டுக்கினு படுத்துக்கீறாரு" என்றார் மனைவி பொன்னி.

அந்தக் குறட்டை விட்டு விட்டு வந்தது. எட்டிப் பார்த்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. உலுக்கினேன் – அசைவில்லை.

"என்ன மாத்திரைம்மா?"

"அவுங்க அண்ணனுக்கு கேன்சர் வலிக்குக் குடுத்ததுங்க. ஒண்ணுல கேக்கலன்னு மூணு போட்டாரு."

மார்ஃபின்! அளவு மிஞ்சினால் மூச்சையே நிறுத்திவிடும் வலி மருந்து.

நான் வந்த ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பறந்தோம். டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். நர்ஸ் கவிதா இமையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணின் பாப்பா கடுகளவு. டாக்டருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். காளியின் முகத்தில் முகமூடியை வைத்து, அதோடு இணைந்த காற்றுப் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்தார். பிறகு, மார்ஃபினை முறிக்கும் ஓர் ஊசி.

பொன்னியின் நகங்கள் என் கையில் பதிந்திருந்தன.

சில நிமிடங்களில் கண் திறந்தார் காளி. "இன்னாத்துக்கு இத்தினி பேரு? வா, வூட்டுக்குப் போலாம்!"

"மூச்சே நின்னுபோச்சுய்யா உனுக்கு!" என்று அவர் தோளில் ஓர் அடி போட்டார் பொன்னி. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"ஊசி வேகம் குறைஞ்சா மறுபடி மயங்கிடுவாருங்க" என்று 108-இல் ஏற்றி, திருப்பத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார் கவிதா. மறுநாள் காளி நலம்.

"இந்த மலையில இப்படி ஒரு ஊசியா?" என்று கவிதாவிடம் கேட்டேன்.

"கவர்மென்ட் ஃபண்டுல வந்துச்சுங்க சார். ட்ரெயினிங்கும் குடுத்தாங்க. இங்க இது இன்னாத்துக்குன்னு நானே முணுமுணுத்துக்கினுதான் போனேன்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இந்த மாதிரி மருந்து மிஞ்சிப்போய் ஆள் சாவதைத் தடுக்க அரசு நிதி ஒதுக்கியபோது, 'போதைக்காரர்களுக்கு நம் வரிப்பணமா?' என்று இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் நக்கலடித்த புண்ணியவான் யார்? நானேதான்! கவிதாவிடம் ஒப்புக்கொண்டேன்.

கவிதா சிரித்துவிட்டார். "அப்ப இதையும் எழுதிடுங்க சார்."

எழுதிவிட்டேன். அடுத்தவர் மாத்திரையைத் தொடாதீர்கள் என்பதையும் சேர்த்து.

பாலம் கட்டினால் ரிப்பன் வெட்டலாம். ஓர் ஆள் சாகாமல் பிழைத்ததற்கு எதை வெட்டுவது?

வருஷா வருஷம் பிறந்தநாள் கேக் வெட்டலாம்!