வெந்நீர் வைத்த கல்

போன வாரம் புனே பாணேரில் எங்கள் அடுக்குமாடிச் சாக்கடை ஓரம் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். அது மூக்கில் ஏறியதும் அப்பா வந்துவிட்டார். அவர் செத்து முப்பது வருஷம் ஆகிறது.

அந்த வாசனை வந்தால் சாப்பிடும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். "கேம்ப்பு நாத்தம்டா" என்பார். போர்க்காலத்தில் மலேயாத் தோட்டத்திலிருந்து அவரையும் அவர் அண்ணன் முத்தையாவையும் ஜப்பான்காரன் சயாம் காட்டுக்கு இழுத்துப் போனான், ரயில் பாதை போட. முகாமில் காலரா. தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். மழையில் அடுப்பு அணைந்த ஒரு நாள், "தாகமா இருக்குடா" என்று பெரியப்பா கெஞ்சினார். அப்பா ஓடைத் தண்ணீரை மொண்டு கொடுத்தார். மூன்றாம் நாள் அவரைக் குழியில் தள்ளி, மேலே இதே நாற்றமடிக்கும் சுண்ணாம்பைக் கொட்டினார்கள். கல்லும் இல்லை, பேரும் இல்லை.

ஊர் திரும்பிய அப்பாவுக்குக் கட்கியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. பக்கத்திலேயே போர்க் கல்லறைத் தோட்டம். ஞாயிறு தவறாமல் ஒரு லோட்டா வெந்நீரோடு போய், பேர் தெரியாத சிப்பாயின் கல் ஒன்றின் அடியில் வைப்பார். அங்கே தோட்டக்காரர் ஒருவர், எல்லோருக்கும் 'காகா', சித்தப்பா. அவர் சீண்டுவார்: "க்யா அண்ணா, ஃபிர் கரம் பானி? சாய்பத்தி டால்கே லாவோ!" மறுபடியும் வெந்நீரா, தேயிலை போட்டுக் கொண்டுவர வேண்டுமாம். அப்பா சிரிக்க மாட்டார்.

எனக்கு மானம் போகும். "யாரோ வெள்ளைக்காரன்ப்பா அது" என்றேன் ஒரு தடவை.

"பேருதான் இல்லியே. எங்கண்ணனா இருந்துட்டுப் போறான்."

அதன்பிறகு வாசலிலேயே சைக்கிளோடு நின்றுகொள்வேன். பெரிய மேதாவி.

இன்று அந்தத் தோட்டத்தில் அஞ்சலிக் கூட்டம். முகாம்களில் செத்தவர்களின் பேரை வாசிப்பார்கள் என்று கேள்விப்பட்டு, 'முத்தையா' என்று தாளில் எழுதிக்கொண்டு போனேன். பட்டியல் வைத்திருந்தவர் கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை.

"சாரி அங்கிள், லிஸ்ட்ல சோல்ஜர்ஸ் மட்டும்தான். கூலிங்க... லேபர்ஸுக்கு ரெக்கார்டே இல்லைங்க."

"காலரா ரெக்கார்டு பாத்துட்டாய்யா வந்துச்சு?"

"அடுத்த வருஷம் ட்ரை பண்ணலாங்க."

எனக்கு அறுபத்தெட்டு. அடுத்த வருஷமாம்.

தாளை மடித்துக்கொண்டு, பிளாஸ்க்கில் கொண்டுபோன வெந்நீரோடு அப்பாவின் கல்லைத் தேடினேன். லோட்டா வைத்து வைத்து அதன் அடியில் உப்பு படிந்து ஒரு வெள்ளை வட்டம் இருக்கும். காகா எல்லாக் கல்லையும் தேய்ப்பார், அந்த வட்டத்தை மட்டும் விட்டுவிடுவார். அப்பா செத்த அன்று என்னைக் கூட்டிப்போய் ஒரே ஒரு தடவை அதைக் காட்டியவர் அவர்தான். அவரும் இப்போது இல்லை.

பேர் இல்லாத கல் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். எல்லாவற்றையும் பளிச்சென்று கழுவி வைத்திருக்கிறார்கள். ஒன்றிலும் வட்டம் இல்லை.