முப்பது வருஷம் என்று இருந்தவர்

புதுச்சேரிப் பக்கம் பாகூரில் பாகம் பிரித்த பிறகு, எங்கள் தென்னந்தோப்பின் கிணற்றடித் துண்டை என் கொழுந்தனார் வேலி போட்டு வளைத்துக்கொண்டார். வழக்குப் போடச் சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

"பிரெஞ்சுக்காரன் சட்டத்துல முப்பது வருசம் டைம் இருக்குடி. இன்னா அவசரம்?"

பிரெஞ்சுக்காரன் போனது அவருக்குத் தெரியும். அவன் சட்டமும் கூடவே போனதுதான் தெரியாது. பதினான்காம் வருஷம் வக்கீலிடம் போனோம்.

"இப்ப பன்னெண்டு வருசம்தான் பெரியவரே. கெடு முடிஞ்சிபோச்சி."

அதுவரை வழக்குக்குப் பயந்து, எங்கள் மரத்துத் தேங்காயிலேயே நாலைப் பொங்கலுக்குக் கொடுத்தனுப்பிய கொழுந்தனார், சேதி காதில் விழுந்ததும் வேலியைப் பிடுங்கிவிட்டுச் சுவர் எழுப்பினார். வளைத்தவனுக்கே நிலத்தைக் கொடுக்க ஒரு சட்டமாம்.

சட்டம் தெரிந்த என் வீட்டுக்காரர் அந்தச் சுவர் நிழலில் கட்டில் போட்டுப் படுத்தார்.