ரோஸ்வித்தா குளியல் ஊருக்குப் புறப்பட்டது

ரோஸ்வித்தா பியோன்டெக் காலையில் மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவாள். முகம் படிகளைப் பார்க்க, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஏணியில் இறங்குகிறவளைப் போல ஒவ்வொரு காலாக வைப்பாள். இடது இடுப்பு அப்படி. ஹெர்னே நகரத்தில் ஹூல்ஸ்மன் இறைச்சிக்கடையில், ஓடு பதித்த தரையில் முப்பத்துநான்கு வருஷம் நின்ற இடுப்பு அது.

கடையில் போய் நின்றுவிட்டால் வலி கொஞ்சம் அடங்கும். அவள் வாய் திறந்தால் வலி வாயை மூடிக்கொள்ளும் என்று கூட வேலை பார்க்கும் டாக்மார் சொல்வாள். கதவு மணி அடித்ததும், உள்ளே வருகிறவரின் நடையைப் பார்த்தே இன்றைக்கு இவருக்கு ஈரல் சாசேஜா, வறுக்கிற மாட்டிறைச்சியா என்று ரோஸ்வித்தா சொல்லிவிடுவாள். பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வருகிற ஆண்கள் எப்போதும் நூறு கிராம் கூடவே வாங்குவார்கள் என்பது அவளுடைய கண்டுபிடிப்பு.

அந்த மார்ச் மாதம் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பியோன்டெக் அம்மா, மூணு வாரம் குளியல் ஊருக்குப் போயிட்டு வாங்க. பாட் சாசன்டோர்ஃப் உங்க இடுப்புக்குன்னே இருக்கிற ஊரு. தினமும் உப்புத் தண்ணித் தொட்டியில உடற்பயிற்சி, சேத்து ஒத்தடம், நல்ல நடை. காப்பீட்டுக்கு நானே எழுதித் தரேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

"சரிங்க டாக்டர்" என்றாள் ரோஸ்வித்தா. தொட்டி என்ற சொல்லுக்குப் பிறகு டாக்டர் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கையெழுத்தும் கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது.

அதன் பிறகு பயண ஏற்பாடு தானாகவே நடக்கத் தொடங்கியது. அவள் கணவன் லோதார் இருபத்தேழு வருஷம் கரிச்சுரங்கத்தில் வேலை பார்த்தவன். நெஞ்சுச் சளிக்காகச் சுரங்கக்காரர்கள் அவனை மூன்று முறை குளியல் ஊர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த விஷயத்தில் தானே பண்டிதன் என்று அவனுக்கு நினைப்பு.

"ரெண்டு ஜோடி செருப்பு எடுத்துக்க, ரோசி. ஒண்ணு எப்பவும் ஈரமாவே இருக்கும். சாப்பாட்டு மேசையில முதல் நாளே சன்னல் பக்கம் உக்காந்துடு. அப்புறம் அது உன் இடம். எவனும் கேக்க மாட்டான்."

"மூணு வாரம் நான் இல்லாம நீ என்ன பண்ணுவே?"

"பட்டினி கிடப்பேன். வேற என்ன? நீ சந்தோஷமா போயிட்டு வா. வந்து என்னை அடக்கம் பண்ணு."

கடையில் டாக்மாரின் கவலை வேறு. குளியல் ஊரில் மூன்று வாரம் கைகோத்து நடக்கக் கிடைக்கிற துணைக்கு ஊரில் 'குளியல் நிழல்' என்று பெயர். "வரும்போது நிழலை அங்கயே விட்டுட்டு வந்துடணும், ரோசி. வீட்டுக்கு இழுத்துக்கிட்டு வரக் கூடாது."

"எனக்கு இருக்கிற இடுப்புக்கு, என் சொந்த நிழலே என்னைத் தாண்டிப் போயிடும்."

ஒரு சனிக்கிழமை டாக்மார்தான் அவளை நீச்சலுடை வாங்க இழுத்துக்கொண்டு போனாள். துணி மாற்றும் அறைக்குள் போன ரோஸ்வித்தா கால் மணி நேரமாக வெளியே வரவில்லை.

"வெளிய வாடி! நல்லா இருக்கா?"

"ரோஸ்ட் போட நூல் கட்டி வெச்ச பன்றித் தொடை மாதிரி இருக்கு. அடுப்பு மட்டும்தான் பாக்கி."

டாக்மார் திரைக்கு வெளியே சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே ரோஸ்வித்தா சிரிக்கவில்லை. அந்தக் கறுப்புத் துணி உடம்போடு ஒட்டியது அவளுக்கு மூச்சை அடைத்தது. வாங்கிக்கொண்டு வந்தாள். வந்த கையோடு அலமாரியின் அடித்தட்டில், குளிர்காலப் போர்வைக்குக் கீழே சொருகினாள்.

குளிர்பெட்டிக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. செருப்பு, மருந்து, படிக்கிற கண்ணாடி, மழைச்சட்டை. வேறு யாரோ பயணம் போகிற மாதிரி அவள் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தாள். பாட் சாசன்டோர்ஃப் மருத்துவமனை அனுப்பிய விளக்கப் புத்தகத்தில் நீலமாய்ப் பளபளக்கும் தொட்டியின் படம் இருந்தது. அந்தப் பக்கத்தை அவள் திறக்கவே இல்லை.

ஜூன் மாதம் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வீட்டுக்கு அருகிலேயே பெறத்தக்க சிகிச்சைகள் இன்னும் முழுமையாகப் பயன்படுத்தப்படாத காரணத்தால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று எழுதியிருந்தது. ரோஸ்வித்தா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு உருளைக்கிழங்கைத் துருவி மொறுமொறுவென்று அடை சுட்டாள். சுடும்போது வாய் தானாக ஏதோ பாட்டை முணுமுணுத்தது. லோதார் மேசையில் உட்கார்ந்து, ஆப்பிள் கூழைத் தொட்டுக்கொண்டு, அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பரில் இன்னொரு கடிதம் வந்தது. மறுபரிசீலனைக்குப் பின் விண்ணப்பம் ஏற்கப்படுவதாகவும், நவம்பர் நான்காம் தேதி பாட் சாசன்டோர்ஃபுக்கு வந்து சேர வேண்டும் என்றும் அதில் இருந்தது. மறுபரிசீலனையா? யார் கேட்டார்கள்? கடிதத்தோடு இணைத்திருந்த நகலைப் புரட்டினாள். கட்டம் போட்ட தாளில், சுரங்கத்தில் ஷிப்ட் அறிக்கை எழுதுகிற அதே பெரிய பெரிய எழுத்தில், லோதாரின் கை. அடியில் அவள் கையெழுத்தும் இருந்தது. அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த தோட்டத் துண்டின் சங்கத்துக்கு ஏதோ காகிதம் என்று சொல்லி ஜூலையில் அவன் நீட்டிய தாள் நினைவுக்கு வந்தது. படிக்காமல் போட்டிருந்தாள்.

"ஐயா," என்று தொடங்கியது அது. "நான் பூமிக்கு அடியில் வேலை செய்தவன். என்னைக் கேட்காமலே மூன்று முறை குளியலுக்கு அனுப்பினார்கள். என் மனைவி பூமிக்கு மேலே நின்றாள் என்பது அவள் குற்றமா? அவள் காலையில் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குகிறாள். நான் பார்ப்பது தெரிந்தால் நிமிர்ந்து நேராக இறங்க முயற்சி செய்வாள் என்பதால், நான் தினமும் சமையலறையில் ஒளிந்துகொண்டு நிற்கிறேன். அவள் முனகுவதில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று பாட்டுப் பாடினாள். அழுகையை அடக்குகிறவர்கள்தான் அப்படிப் பாடுவார்கள். நீங்கள் யாராவது வந்து அரை நாள் அந்தத் தரையில் நின்று பாருங்கள்."

ரோஸ்வித்தா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

லோதார் தோட்டத்திலிருந்து ஒரு கட்டு வெங்காயத்தாளோடு உள்ளே வந்தான். மேசைமேல் கடிதத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"கிடைச்சிடுச்சா? சொன்னேன் பாத்தியா! முட்டாப் பசங்களுக்குப் புரியற மாதிரி எழுதினா..."

"யாரு உன்னை எழுதச் சொன்னா?"

"என்ன?"

"யாரு கேட்டா உன்னை? திருட்டுத்தனமா கையெழுத்து வாங்கி... எனக்கு வேணாம்னு உனக்குத் தெரியாதா?"

"வேணாமா? செருப்பு வாங்கினே, பட்டியல் போட்டே, அந்தக் கறுப்பு..."

"தண்ணிக்குள்ள நான் இறங்க மாட்டேன், லோதார். அவ்வளவுதான். இறங்கவே மாட்டேன்."

வெங்காயத்தாளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். நாற்பத்தொரு வருஷத்தில் அவள் இப்படிக் குரல் உயர்த்தி அவன் கேட்டதில்லை.

அவள் அப்போதுதான் சொன்னாள். அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்பதும், சின்ன வயதில் விபத்தில் போய்விட்டான் என்பதும் லோதாருக்குத் தெரியும். ஏதோ லாரி விபத்து என்று அவனாக நினைத்திருந்தான். அவள் பிறந்த வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை. பேசக் கூடாது என்பது அவள் அம்மாவின் சட்டம்.

அண்ணன் உல்லிக்கு அப்போது பதினொரு வயது. அவளுக்கு எட்டு. கோடையில் தெருப் பிள்ளைகள் எல்லாம் கால்வாயில்தான் கிடக்கும். நிலக்கரிப் படகு வந்தால் நீந்திப் போய்ப் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் போவார்கள். உல்லி சட்டையையும் காலணியையும் கழற்றி அவள் மடியில் வைத்தான். 'பாத்துக்கோ, நாய் தூக்கிட்டுப் போயிடப் போகுது' என்றான். படகு வந்தது. மற்ற பையன்கள் திரும்பி வந்தார்கள். உல்லி வரவில்லை. படகுக்கு அந்தப் பக்கம் ஒளிந்துகொண்டு அவளைப் பயமுறுத்துவது அவன் வழக்கம். ஆகவே அவள் நூறு வரைக்கும் எண்ணினாள். மறுபடியும் நூறு வரைக்கும் எண்ணினாள்.

"அம்மா ஒரே ஒரு தடவதான் கேட்டாங்க. 'நீ ஏன் கத்தல?'ன்னு. நான் எண்ணிக்கிட்டு இருந்தேன்னு எப்படிச் சொல்வேன்?"

லோதார் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். வடகடல் கரைக்கு அவர்கள் எத்தனையோ கோடை போயிருக்கிறார்கள். அவள் எப்போதும் காலணி போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்பாள்.

"காலைக் காட்ட வெக்கப்படுறேன்னு நினைச்சேன்" என்றான் கடைசியில்.

"என் காலுக்கு என்ன குறைச்சல்?"

"ஒண்ணும் இல்ல. அதான் எனக்குப் புரியவே இல்ல." வெங்காயத்தாளை மேசையில் வைத்தான். "எனக்கும் நீந்தத் தெரியாது, ரோசி."

"என்ன உளர்றே? நீதான் கடல்ல நிப்பியே."

"நிப்பேன். முட்டி வரைக்கும். அதுக்கு மேல ஒரு தடவ போயிருக்கேனா, நினைச்சுப் பாரு. எங்க வீட்ல யாரும் கத்துக்குடுக்கல. அப்புறம் சொல்ல வெக்கமாப் போச்சு."

அவள் நினைத்துப் பார்த்தாள். உண்மைதான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கப்பல் கேப்டன் மாதிரி தூரத்தைப் பார்த்துக்கொண்டு, முட்டியளவுத் தண்ணீரில் நிற்கும் லோதார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழத் தொடங்கினாள் என்று இருவருக்குமே தெரியவில்லை.

போவதா வேண்டாமா என்று அவன் அதன் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடிதம் ஒரு வாரம் ரொட்டிப் பெட்டியின் மேலேயே கிடந்தது. எட்டாம் நாள் ரோஸ்வித்தாவே மருத்துவமனைக்குத் தொலைபேசி போட்டாள்.

"அந்தத் தொட்டி எவ்வளவு ஆழம்னு சொல்ல முடியுமாங்க?"

"ஒரு மீட்டர் முப்பது" என்றது ஒரு இளம்பெண்ணின் குரல். "உங்களுக்குத் தண்ணின்னா பயமாங்க?"

இறைச்சிக்கடைக்காரிக்கு இப்படி நேராகக் கேட்கிறவர்களைப் பிடிக்கும். "ரொம்ப" என்றாள்.

"உங்களை மாதிரி நெறைய பேரு வராங்க. உப்புத் தண்ணி, அது ஆளைத் தூக்கிக்கிட்டே இருக்கும். ஆனா அதை நான் சொல்லி நீங்க நம்ப வேணாம். ஊர்லயே கொஞ்சம் பழகிட்டு வாங்க. முடியலன்னா படியில உக்காந்துக்கிட்டே பயிற்சி பண்ணலாம். யாரும் தள்ளிவிட மாட்டோம்."

அக்டோபர் முழுக்கச் செவ்வாய்க்கிழமைகளில் நகராட்சி நீச்சல் குளத்துக்கு இருவரும் போனார்கள். செவ்வாய்தான் வெந்நீர் விடும் நாள். கிழடுகள் எல்லாம் அன்றைக்கு வரும். முதல் செவ்வாய் ரோஸ்வித்தா கறுப்பு நீச்சலுடையின் மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். குளோரின் வாடைதான் அவளுக்கு உதவியது. கால்வாயில் அடித்தது வேறு, கரியும் எண்ணெயும் கலந்த வாடை. இரண்டாம் செவ்வாய் படியில் உட்கார்ந்து பாதத்தை நனைத்தாள். மூன்றாம் செவ்வாய், லோதாரின் கையைப் பிடித்தபடி இடுப்பளவுக்கு இறங்கிவிட்டாள். லோதார் இன்னொரு கையால் ஓரக் கம்பியை நசுக்கிக்கொண்டிருந்தான். அவன் மூஞ்சி சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

குளத்துக் காவல்காரி மேலேயிருந்து குனிந்து பார்த்தாள். "உங்கள்ல யாரு யாரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க? தெரிஞ்சா ஒருத்தரைக் காப்பாத்த வசதியா இருக்கும்."

"ரெண்டு பேரையும் காப்பாத்து" என்றான் லோதார். "ஆனா முதல்ல என்னை."

கடைசிச் செவ்வாய் அவள் தண்ணீரில் பத்தடி நடந்தாள். இடுப்பு வலிக்கவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு உடம்பு எடை இல்லாமல் நகர்ந்தது அவளுக்கே விசித்திரமாக இருந்தது. அது சந்தோஷமா என்று கேட்டால், அன்றைக்கு அவளால் சொல்லியிருக்க முடியாது. நடந்த பத்தடியும் உல்லியை நினைத்துக்கொண்டேதான் நடந்தாள்.

நவம்பர் நான்காம் தேதி காலை லோதார் பெட்டியை ரயிலில் ஏற்றிவிட்டு, சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு சைகையில் செருப்பு இருக்கிறதா என்று கேட்டான். இரண்டு விரலைக் காட்டினாள்.

பாட் சாசன்டோர்ஃபில் முதல் இரண்டு நாள் அவள் தொட்டியின் படியிலேயே உட்கார்ந்து காலை ஆட்டினாள். மூன்றாம் நாள் இறங்கினாள். பயிற்சிப் பெண் கழுத்துக்குக் கீழே ஒரு கையை மட்டும் கொடுத்து, "பின்னாடி சாயுங்க" என்றாள். சாய்ந்தாள். காதில் தண்ணீர் புகுந்து உலகம் அமைதியாயிற்று. கால் தானாக மேலே வந்தது. எண்ணக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டும் அவள் எண்ணினாள். பதினேழில் பயம் வந்து எழுந்து நின்றுவிட்டாள்.

சாப்பாட்டு மேசையில் சன்னல் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். எதிரே ம்யூன்ஸ்டரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தபால்காரி. பேச்சு குடும்பத்துக்கு வந்தது. தபால்காரிக்கு ஐந்து தங்கைகள். ஐவரின் புராணமும் சூப்போடு முடிந்தது.

"உங்க கூடப் பிறந்தவங்க?" என்று அவள் கேட்டாள்.

ஐம்பத்து மூன்று வருஷமாக வெளியாட்கள் கேட்கும் இந்தக் கேள்விக்கு ரோஸ்வித்தா 'யாரும் இல்லை' என்றுதான் சொல்லிவந்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒரு அண்ணன். உல்லி. சின்ன வயசுலயே தண்ணியில போயிட்டான்."

"அடடா. எப்படி இருப்பான்?"

எப்படிப் போனான் என்று அவள் கேட்கவில்லை. ரோஸ்வித்தா தன் முன்பல்லைத் தொட்டுக் காட்டினாள்.

"முன்பல்லு ஒண்ணு உடைஞ்சிருக்கும். அந்த ஓட்டை வழியா செர்ரிக் கொட்டையைத் துப்புவான் பாருங்க, தெருவைத் தாண்டிப் போய் எதிர்வீட்டுப் பாதிரியார் சன்னல்ல விழும். அவரு வெளிய வந்து வானத்தைப் பாப்பாரு..."

தபால்காரி வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து மேசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரோஸ்வித்தா ரொட்டிக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பாதிரியார் ஒரு நாள் குடை பிடித்துக்கொண்டு வெளியே வந்த கதையைச் சொல்லத் தொடங்கினாள்.