நட்டுவுக்குக் கெமிக்கல் குறைவு

கால்நடை வைத்தியத்தில் நோயாளி பேசமாட்டார், கடிப்பார்; பேசுவதற்கென்று உடன் ஒருவர் வருவார். கையில் பல் தழும்போடு இதைப் படிக்கும் சக வைத்தியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கெமிக்கல்

கும்மிடிப்பூண்டியில் ஒரு பெயிண்ட் கம்பெனி. அதன் கேட் வாட்ச்மேன் ஏசுபாதம், நட்டு என்ற நாயைக் கூட்டி வந்தார். குட்டியாக இருந்தபோது கீழே கிடந்த நட்டைக் கவ்விக்கொண்டு திரிந்ததால் அந்தப் பெயர். இப்போது வயது பதின்மூன்று. இத்தனை நாள் பரம சாது, இப்போது மேனேஜரைக் கடித்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் நாய் கேட்டில் இருக்கக் கூடாது என்று உத்தரவாம்.

பரிசோதித்தேன். தடுப்பூசி தவறாமல் போட்ட நாய். வலியும் எங்கும் இல்லை. "வயசானா மூளை தளர்ந்துடும். மனசை அமைதியா வெச்சிருக்கிற கெமிக்கல் குறையும். ஆள் அடையாளம் குழம்பி, பயத்துல கடிக்கும்," என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது.

"இவ்ளோதானா சார்? எங்க கம்பெனில கெமிக்கல் டிரம் டிரம்மா கீது. பேரை எழுதிக் குடுங்க, ஸ்டோர்ஸ்ல கேட்டு வாங்கியாரேன்."

அட்டை

மறுநாள் மேனேஜரே காலில் கட்டோடு வந்தார். ஏசுபாதமும் நட்டுவோடு பின்னால் நின்றார். மாத்திரை கொடுத்தால் கோபம் கொஞ்சம் தணியும், போன ஞாபகம் திரும்பாது என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், வாயில் வரவில்லை. "என் கையால பிஸ்கட் தின்ன நாய் டாக்டர். பேரு வெச்ச நேரம், நட்டு கழண்டுடுச்சு," என்றார் மேனேஜர். அவர் காருக்குப் போகும்வரை காத்திருந்து ஏசுபாதம் என் காதருகே வந்தார்.

"அன்னிக்கு அவரு ஐடி கார்டு மாட்டாம வந்தாரு சார். இது ட்யூட்டி பாத்துது."

லீவு நாள்

வெள்ளிக்கிழமைக் கெடு மாறவில்லை. ஏசுபாதம் நட்டுவை ஆரம்பாக்கத்தில் தன் வீட்டுக்கே கூட்டிப் போய்விட்டார். அடுத்த வாரம் மாத்திரை வாங்க வந்தவர் கையில் கட்டு. லீவு நாள்தான், ஆனாலும் யூனிஃபார்ம், கழுத்தில் ஐடி அட்டை. பதின்மூன்று வருடம் சோறு வைத்த கை அது. ஊசி போட்டுக்கொண்டீர்களா என்று கேட்டேன். போட்டாயிற்றாம்.

"கடிக்கல சார். ஊட்ல லுங்கி கட்டிக்கினு நின்னேன், ஆளு தெரியல, ஐடி கார்டு கேட்டுது. இப்ப ஊட்லயும் இதை மாட்டிக்கினுதான் கீறேன், வாலாட்டுது."

சீட்டில் மாத்திரைக்குக் கீழே, 'யூனிஃபார்ம், தினமும் இரண்டு வேளை, சோறு வைப்பதற்கு முன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.