யன்னலுக்கு மேலே இருந்த ஓட்டைகள்

வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டுக்கு இரட்டைச் செங்கற் சுவர்; நடுவில் சிறு இடைவெளி. மூன்று வருஷத்துக்கு முன் ஐந்து யன்னல்களையும் கழற்றிவிட்டு, புதிய மர யன்னல்கள் போட்டோம். தச்சர் முடித்துப் போனபின் பார்த்தால், ஒவ்வொரு யன்னலுக்கும் மேலே செங்கற்களுக்கு நடுவில் விரல் நுழையும் ஓட்டைகள். அரைகுறை வேலை என்று அவரைத் திட்டிக்கொண்டே, குளிர் புகாதிருக்க நானே ஏணியில் ஏறி எல்லாவற்றையும் சீமெந்தால் அடைத்தேன்.

இந்த வசந்தத்தில் யன்னல்கள் ஊதிப்போய்த் திறக்கவே முடியவில்லை. தச்சரை அழைத்துச் சத்தம் போட்டேன். அவர் சட்டத்தில் பெருவிரலை அழுத்தினார். தேநீரில் நனைந்த பாண் துண்டுக்குள் போவதுபோல் உள்ளே போனது. வெளியே போய் அண்ணாந்து பார்த்தார்.

"சுவருக்கு நடுவில இறங்கிற மழைத்தண்ணி உந்த ஓட்டையளாலதான் வெளியில வரவேணும், அண்ணை. அடைச்சால் மரத்துக்குள்ளதான் இறங்கும். அஞ்சும் போச்சு, இனி ஒண்டும் செய்யேலாது. ஆர் அடைச்சது?"

"தெரியாது" என்றேன்.

பக்கத்தில் நின்ற மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.