இரண்டு இருபதுக்கு எழுந்த புகை

பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடத்துக்குக் கழுகுப்பாறைக்குக் கீழே, மூங்கில் பள்ளத்தின் இடது ஓரத்தில் புகை தெரிந்தது. வெள்ளையாக, ஒரு நூல் அளவுக்குத்தான். டைம்பீஸைப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினேன். அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒரு துளி மழையில்லாமல் ஒரு இடி இடித்திருந்தது. அதையும் எழுதினேன்.

நோட்டு எழுதுவது என் வேலை. அப்பா காட்டு இலாகாவில் கார்டு. சேந்தமங்கலத்தைத் தாண்டிக் கொல்லிமலை அடிவாரத்தில் இலாகா கொடுத்த ஓட்டு வீட்டில் இருந்தோம். வாசலில் நின்றால் அவருடைய எல்லை முழுவதும் தெரியும். அவர் ரோந்து போயிருக்கும்போது எங்காவது புகை எழுந்தால் மணி, இடம், காற்று மூன்றையும் குறித்துவைக்க வேண்டும். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பிலிருந்தே எழுதிவந்தேன். நோட்டைப் புரட்டிய ரேஞ்சர் இது யார் கையெழுத்து என்று கேட்டாராம். அப்பா அதை வந்து சொன்ன நாளிலிருந்து, புகை எழாதா என்று மலையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

மூன்று வருடமாக எழவில்லை.

அதற்கு முன்பெல்லாம் தை முடிந்து மாசி பிறந்ததும் மலைக்காரர்கள் சரிவுகளில் தீ வைப்பார்கள். விடிந்து பனி ஈரம் காயுமுன் வைப்பார்கள். தீ முழங்கால் உயரத்துக்கு மேல் எழாது. சருகையும் காய்ந்த புல்லையும் தின்றுகொண்டு மெதுவாக மேலேறி, வெயில் வருவதற்குள் பாறையில் முட்டி அணைந்துவிடும். பெரிய மரங்களின் பட்டையில் கருப்பு ஏறுமே தவிர மரம் சாகாது. பத்து நாளில் சாம்பலுக்குள்ளிருந்து புல் முளைக்கும். இலாகா இதைக் குற்றம் என்றது. நான் நோட்டு எழுதத் தொடங்கிய வருடம் முதல் வரியாக எழுதியதே அப்படி ஒரு மாசித் தீயைத்தான். அந்த வரியை வைத்து ஒருவர் பிடிபட்டார். எங்கள் வீட்டுக்குத் தேன் கொண்டுவருகிறவர். நாங்கள் அவரைத் தேன்காரர் என்போம். பதினைந்து நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தார். வந்த வாரமே வழக்கம்போல் தேனும் கொண்டுவந்தார்.

இனிமேல் வைப்பாயா என்று அப்பா கேட்டதற்கு, வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மாசிப் பனியில வெச்சா தீ நடந்து போவுமுங்க சாமி. பங்குனியில அதுவா வந்துச்சுன்னா ஓடும்."

"தீக்குக் கால் இருக்கா?" என்றார் அப்பா.

"நீங்க அதும் மேல கேஸ் போடப் போறப்பப் பாருங்க."

அப்பாவே சிரித்துவிட்டார். வேறு யாரும் தீ வைக்கவில்லை. அடுத்த வருடம் சருகு என் கணுக்கால் வரை இருந்தது, அதற்கடுத்த வருடம் முழங்கால் வரை. உண்ணிச்செடி மண்டி ஒற்றையடிப் பாதைகள் மூடிப்போயின. தீயே இல்லாத எல்லை என்று அப்பாவுக்கு ஒரு பாராட்டுத்தாள் வந்தது. அதைச் சட்டம் போட்டுத் திரு இருதயப் படத்துக்குக் கீழே மாட்டினார். ஃபாரஸ்டர் வேலைக்கு அவர் பெயர் மேலே போயிருப்பதாகவும் பேச்சு இருந்தது.

பங்குனியில் அந்தச் சனிக்கிழமை புகை எழுந்தபோது அப்பா ரோந்தில் இல்லை. சாப்பிட்டுவிட்டு உள்ளே கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். தேன்காரர் உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கக் கீழே வந்தவர், எங்கள் வாசலில் உட்கார்ந்து அம்மா கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டிருந்தார். நான் கை நீட்டிய திசையைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"இடி உழுந்துருச்சுங்கம்மா. கார்டய்யாவை எழுப்புங்க."

இடிக்குப் பின்னால் வந்த காற்று கீழ்நோக்கி வீசியது. நான்கு மணிக்குத் தீ மரங்களின் தலையில் ஏறியிருந்தது. அது வரும் சத்தம் லாரி மேடேறுகிற சத்தம்போல் இருந்தது. தேன்காரர் எங்கள் வீட்டுக்குப் பின்னால் புல்லை நீளமாகச் செதுக்கச் சொன்னார். செதுக்கிய கோட்டுக்கு அந்தப் பக்கம் தானே தீ வைக்கப்போவதாகவும், பெரிய தீ வந்து சேரும்போது அதற்குத் தின்ன எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது என்றும் சொன்னார். மண்ணெண்ணெயை ஊற்றிப் பந்தத்தை அவர் கையில் கொடுத்தது அப்பா. பந்தத்தைத் தரையோடு தேய்த்தபடி, விதை போடுகிறவர்போல ஓரமாக நடந்துபோனார். சின்னத் தீ எழுந்து மேலேறியது. இரண்டு தீயும் முட்டிக்கொண்ட இடத்தில் ஒரு பனையளவு எழும்பி அடங்கின. வீடு தப்பியது.

ஐந்து நாற்பதுக்கு ரேஞ்சருடைய ஜீப் வந்தது. ஜீப்பிலிருந்த நான்கு பேரும் முதலில் பார்த்தது, கையில் பந்தத்தோடு நின்ற தேன்காரரை.

மலை மூன்று நாள் எரிந்தது. இலாகா நட்டிருந்த தேக்கு முழுவதும் போயிற்று. எத்தனையோ மாசித் தீயைப் பட்டையில் வாங்கிக்கொண்டு நின்ற வேங்கைகள், இந்த முறை உச்சிவரை கரியாகி நின்ற நிலையிலேயே செத்தன. தேன்காரருடைய குடிசையும் நான்கு பலாமரங்களும் எரிந்தன. சாம்பல் எங்கள் வாசல்வரை வந்து விழுந்தது.

நான்காம் நாள் ரேஞ்சர் வீட்டுக்கு வந்தார். நான்தான் காப்பி கொண்டுபோய் வைத்தேன். இடி என்று எழுதினால் மேலே சிரிப்பார்கள் என்றார். மூன்று வருடமாக எரியாத காடு ஒரு இடியிலா எரியும் என்றார். ரோந்து நேரத்தில் கார்டு எங்கே இருந்தான் என்பதுதான் முதல் கேள்வியாக வரும் என்றும் சொன்னார். பழைய கேஸ் உள்ள ஆள் இந்த எல்லையில் யாராவது உண்டா என்று கடைசியாகக் கேட்டார். அப்பா காப்பியைத் தொடவே இல்லை.

அவர் போனபின் அப்பா புது நோட்டு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். பழையது அழுக்காக இருக்கிறதாம், கோர்ட்டுக்குப் போவதால் நல்ல கையெழுத்தில் எழுத வேண்டுமாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டு வந்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தேதி, இடம், காற்று எல்லாம் பழைய நோட்டில் இருந்தபடியே வந்தன. இடியை அவர் சொல்லவில்லை. மணி வந்தபோது, "பகல் பதினொண்ணரை" என்றார்.

"ரெண்டு இருபதுப்பா."

"டைம்பீஸ் அன்னைக்குத் தப்பா ஓடிச்சு, பாப்பா. எழுது."

அடுப்படியிலிருந்து அம்மா வந்து நிலைப்படியில் நின்றாள்.

"ஏனுங்க, அந்த மனுசன் அப்ப நம்ம வாசல்ல மோர் குடிச்சுக்கிட்டு இருந்தாருங்க."

"பதினொண்ணரைக்கு எங்க இருந்தான்னு உனக்குத் தெரியுமா?"

அம்மாவுக்குத் தெரியாது. உள்ளே போய்விட்டாள். நான் எழுதினேன். பதினொன்றரை என்பதில் ஒரு எழுத்தும் கோணவில்லை. பழைய நோட்டை அப்பா அடுப்பில் போட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்குத் தபசு காலம், உபவாசம் என்றார்.

மறுநாள் காலை நாமக்கல் பஸ் வழக்கம்போல் எட்டு பத்துக்கு எங்கள் வாசலைக் கடந்தது. டைம்பீஸைப் பார்த்தேன். எட்டு பத்து. அப்பா பழுதுபார்த்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

பாஸ்கா என்கிற ஈஸ்டர் திருநாளுக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனத்தில் மூன்று பாவங்கள் சொன்னேன். வெல்லம் எடுத்தது, தம்பியை அடித்தது, பூசையில் பேசியது. வேறு ஏதாவது உண்டா என்று சாமியார் கேட்டார். நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டு இல்லை என்றேன்.

கேஸ் ஆடியில் முடிந்தது. கையில் பந்தத்தோடு பார்த்ததாக ஜீப்பில் வந்தவர்கள் சொன்னார்கள். அது உண்மைதான். பந்தத்தை யார் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பாப்பா எழுதின நோட்டு, அது பொய் சொல்லாது என்று தேன்காரரே கோர்ட்டில் சொன்னதாகவும், இடி விழுந்த நேரத்தை அதில் பார்க்கும்படி கேட்டுக்கொண்டதாகவும் அப்பா ஒருமுறை, பல வருடம் கழித்து, அம்மாவிடம் சொன்னார். நோட்டை வாங்கி வாசித்தார்களாம். தேன்காரருக்குப் பத்து மாதம் கிடைத்தது. அந்த வருடக் கடைசியில் அப்பா ஃபாரஸ்டர் ஆனார்.

அடுத்த மாசி முழுவதும் தினமும் விடியலில் மலையைப் பார்த்தேன். எங்கும் புகை இல்லை. நோட்டில் அந்த மாதத்துக்கு ஒரு வரியும் கிடையாது.