கழுத்துக்கு மேல் வைத்த படுக்கை

போன வருடம் ஒரு மதியம், துபாயில் ஆஸ்பத்திரியிலிருந்து கராமா ரூமுக்கு டாக்சியில் திரும்பும்போதுதான் அந்த யோசனை வந்தது. பின் சீட்டில் என் ரூம்மேட். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ராஸ் அல் கைமா மலையில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவர். கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே பின்புறம் புண் கிளம்பிவிடும். சிக்னலில், உள்ளே படுத்துத் தூங்க வசதியுள்ள ஒரு கேரவன் வண்டி எங்களைக் கடந்தது.

"அந்த மலையில டூட்டிதான்டா பார்த்தேன். ஒருநாள் சும்மா படுத்துக்கிட்டுப் பார்த்ததில்ல" என்றார்.

விசா கேன்சலாகி ஊருக்குப் போவதற்குள் அவரை அங்கே கூட்டிப்போக வேண்டும். கொஞ்ச தூரம் வண்டியில் உட்கார்ந்து வந்தால், நிறுத்திய இடத்தில் படுக்க, வண்டி இழுத்துவரும் ஒரு கேம்பர் ட்ரெய்லர். அதை நானே செய்துவிடலாம். அவ்வளவுதான், எனக்கு வேறு நினைப்பே இல்லை.

நண்பனிடம் சின்ன பிக்கப் இருந்தது. அதன் பின்னால் கொக்கி போட்டு இழுத்தால் ட்ரெய்லரின் வால் ஆடும். அதனால் ட்ரெய்லரின் கழுத்தை, அதாவது முன்பகுதியை, உயர்த்தி, பிக்கப்பின் பின் அச்சுக்கு மேலேயே உட்காரவைக்கும் ஃபிஃப்த் வீல் முறையை எடுத்தேன். சட்டத்துக்குக் கனமான இரும்பு பீமுக்குப் பதில் சதுரக் குழாய். குறுக்குச் சட்டங்களில் ஓட்டை போட்டு இன்னும் எடையைக் குறைத்தேன். நீளத்தையும் மிச்சம் பிடிக்க, படுக்கையைக் கழுத்துக்கு மேல் ஏற்றினேன். நண்பனின் ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் முடிந்ததும் ரூம்காரர்கள் நாலு பேரே சட்டத்தைத் தூக்கிக் காட்டினோம். ஒரே கொண்டாட்டம்!

அடுத்த லீவு நாளில் அண்ணனை வீல்சேரில் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தோம். அண்ணாந்து பார்த்தார்.

"டேய் இன்ஜினியரு, எனக்கு மாடி வீடாடா கட்டிருக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த உயரத்துக்கு அவர் எப்படி ஏறுவார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தூக்கித்தான் ஏற்றினோம். வழியில் அவர் கால் கம்பியில் கிழிந்தது அவருக்குத் தெரியவில்லை. ரத்தத்தைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. மேலே கூரை வளைவு தாழ்வு. அவரைப் புரட்டிவிடக் கை நுழையவில்லை.

"எறக்குங்கடா. பொணத்த ஊருக்கு அனுப்புற பொட்டியில வெச்ச மாதிரி இருக்கு."

கீழே வந்ததும் என்னைப் பார்த்தார். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லடா? பக்கத்துக் கட்டில்லதான கெடந்தேன்."

மாற்றிச் செய்வதற்குள் டிக்கெட் வந்துவிட்டது. விமானத்தில் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே போனார். ஊரில் புண் ஆறவில்லை. காய்ச்சல் கண்டு இறந்துவிட்டார்.

அந்தச் சட்டத்தை அறுத்துப் போட்டுவிட்டேன். இப்போது வேறு வரைகிறேன். அச்சை வளைத்து, தரையைத் தாழ்த்தி, படுக்கையைக் கீழே வைத்து, பின்னால் வீல்சேர் ஏறச் சரிவு. எடை கூடும், கூடட்டும். இரண்டு தெரு தள்ளி இன்னொருவர் இப்படிக் கிடக்கிறாராம். இந்த வாரம் அவரைப் போய்ப் பார்த்து, எப்படிப் படுத்தால் வசதி என்று கேட்கப் போகிறேன். யாருக்காக எதைச் செய்தாலும், இனி அளவு நாடாவை எடுக்கும் முன் அந்தக் கேள்விதான்.